கதவோரம் நின்றவள்

மாமாவின் கல்யாணத்தை நான் கெடுக்கப் பார்த்தேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். வேண்டுமென்றா செய்தேன்? எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மாவுக்குத் தம்பியான மாமா, சிராங்கூன் சாலையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அதே சாலையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார். சொந்தமாகக் குடித்தனம் வைக்க இடமில்லாதவர் என்று ஏற்கனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணின் படத்தை மாமா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெண்ணின் அப்பாவோ, குடியிருக்கப்போகும் வீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிவிட்டார். குவீன்ஸ்டவுனில் மாமா பெயர் பதிந்துவைத்திருந்த அடுக்குமாடி வீட்டுக்கு அப்போது கூரைகூட வரவில்லை. படம் பிடிப்பதே தொழிலாக இருப்பவர் காமிரா கிடைக்கவில்லை என்று சாக்கும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப்போகும் சப்பாத்து வந்த அட்டைப்பெட்டியை மாமா கேட்டு வாங்கினார். அதில் ஜன்னல் வெட்டினார். தீப்பெட்டிகளை ஒட்டி அலமாரி செய்தார். பற்பசை மூடி குடமானது, அம்மாவின் கைக்குட்டை கதவுத் திரையானது. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று மீன் படம் போட்ட தபால்தலை ஒன்றை ஒட்டினார். அப்பாவின் சவரக் கண்ணாடியைச் சாய்த்துவைத்து வெயிலை ஜன்னல் வழியாக உள்ளே திருப்பினார். என் மரப்பாச்சி ராஜாவுக்கு ஒரு துண்டு வேட்டி கட்டி நடுவே நிறுத்தினார். அதுதான் மாமாவாம்.

பிறகு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "பொம்மையோட கண்ணு உயரத்துக்கு நாம இறங்கணும்லா. மேலேருந்து எடுத்தா குட்டு வெளிப்பட்டுடும்" என்றார்.

எனக்கோ வேறு கவலை. மரப்பாச்சி ஜோடியாகத்தான் இருக்கவேண்டும். ராஜாவை மட்டும் தனியே எடுத்தால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். மாமா கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில், ராணியைக் கைக்குட்டைக்குப் பின்னால் பாதி தெரிய நிறுத்திவிட்டேன். மாமா கவனிக்கவில்லை.

படத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். சாட்சாத் வீடு! மாமா அதன் பின்புறத்தில் 'வீடு' என்று மட்டும் எழுதினார். பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று அம்மாவிடம் வாதம் வேறு.

பதில் வந்தது. வீடு திருப்தி. ஆனால் திரைக்குப் பின்னால் கதவோரம் நிற்கும் பெண் யார் என்று தெரிந்தாகவேண்டும். இல்லாவிட்டால் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அக்கா, சத்தியமா எனக்கு யாரையும் தெரியாது" என்று அம்மாவிடம் கெஞ்சினார். அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து இன்னொரு பிரதியைப் பார்த்தார். பார்த்தவர் தலையை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

"ராஜாவைத் தனியா வைக்கக் கூடாதுன்னு அம்மாதானே சொன்னாங்க" என்றேன்.

அடி விழவில்லை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் மாமா, அது என் அக்கா என்று எழுதிப்போட்டார். ஒரு மரக்கட்டையைப் போய் அக்கா என்று எழுதிவிட்டானே என்று அம்மா ஒரு மாதம் முறுக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நிச்சயமானது. மாமா ஊருக்குப் போய் முடித்துக்கொண்டு அத்தையோடு கப்பலில் வந்து இறங்கினார். அதற்குள் குவீன்ஸ்டவுன் வீட்டுச் சாவியும் வந்திருந்தது. பால் காய்ச்சிய அன்று அத்தை தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் படத்தையும் கடித உறையையும் எடுத்துவந்தார்.

"அண்ணி, இது நீங்கதானா?"

அம்மா தரையைப் பார்த்தார். மாமா அடுப்பைப் பார்த்தார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உறையில் ஒட்டியிருந்த தபால்தலையைத் தொட்டுக் காட்டினார். அதே மீன், படத்தில் சுவரிலும் இருந்தது, ஓரமெல்லாம் பல் பல்லாக. பிரித்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாராம்.

எனக்குத் தாங்கவில்லை. "அப்பவே உங்க அப்பாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அத்தை பாலை ஆற்றிக்கொண்டே மாமாவை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லியிருந்தா அப்பா நிறுத்தியிருப்பாரே" என்றார்.

மாமாவின் காது ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்குப் புரியவில்லை. பொம்மை விளையாட்டைத்தான் நிறுத்தியிருப்பாராக்கும் என்று நினைத்துக்கொண்டு, அத்தைக்கும் அது பிடிக்கும் போல என்ற சந்தோஷத்தில், என் ராஜா ராணியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.