ஒன்பது பேர் பார்த்த காணொளி

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை ஏழரை மணிக்குச் சேகரன் அவர்களின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் அழைத்தால் முதலில் ஒரு காற்றொலி கேட்கும், பிறகுதான் வார்த்தை வரும். அன்று வந்தது அவருடைய மனைவி பத்மாவின் குரல். "அவரு போயிட்டாருங்ணா. காபி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள சாய்ஞ்சுட்டாரு." மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னாராம். ஐம்பத்தாறு வயது.

அவரை நேரில் அறிந்தவர்கள் பூனாவில் நூறு பேருக்கு மேல் இருக்கலாம். குரலை மட்டும் அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இரு சாராருக்குமாக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பூனாவின் ஒரு கோடியான சாங்வியிலிருந்து மறுகோடியான ஹடப்சருக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் அவரைச் சந்தித்தேன். அவர் ஸ்டோர்ஸில் இருந்தார், நான் வரைபடப் பிரிவில். பஸ்ஸில் நான் கையிலிருந்த டப்பாவைத் தவறவிட்டு "ஐயோ" என்றதும் நான்கு வரிசைக்கு முன்னாலிருந்து ஒரு முழக்கம் வந்தது: "தமிழுங்களா?" கோயமுத்தூர்க்காரர். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ஊர் முழுக்கக் கடந்து போகிற அந்த ஒன்றேகால் மணி நேரமும் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வருவார். பின்சீட்டில் தூங்க முயல்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பொங்கல் விழாவில் அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

புத்தாயிரம் பிறந்த மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ அவர் தொண்டை கம்மியது. ஜலதோஷம் என்று இரண்டு மாதம் மிளகுக் கஷாயம் குடித்தார். குரல்வளையில் புற்று. முழுவதும் எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "பஸ் நிம்மதியா இருக்குமே இப்போ." சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த ஜோஷி மேடம் பொறுமைசாலி. காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம்போல வெளியே விட்டு, அதை வார்த்தையாக்க வேண்டும். ப, த, க போன்ற எழுத்துகள் முதலில் வரும். ஐந்து மாதம் வீட்டில் பத்மாவின் முன்னால் மட்டும் முயன்றார். வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு நாள் நான் தாமதமாகி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினேன். டிரைவர் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் சேகரன் எழுந்து நின்று "தாம்பா!" என்றாராம். நிறுத்து என்று அர்த்தம். கரகரவென்று, பாதாளத்திலிருந்து வந்ததுபோல. பஸ் நின்றது. நான் மூச்சிரைக்க ஏறியபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அவரைக் கும்பிட்ட பின்சீட்டுக்காரர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஜோஷி மேடம் அவரை மருத்துவமனைக்கு அழைத்தார். சேலத்து லாரி டிரைவர் ஒருவருக்கு அதே அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவருக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. சேகரன் ஒரு வாரம் லீவு போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "ப" வருவதற்குள் டிரைவர் ஊருக்குப் போய்விட்டார்.

"அங்க போயி யாருங் அவருக்குச் சொல்லித் தருவாங்க, மூர்த்தி?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் வேலை கிடைத்துப் போன மகள் விட்டுச்சென்ற கணினி வீட்டில் இருந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்று அப்போது புதிதாக வந்திருந்தது. "ஒண்ணு புடிச்சு ஏத்தி வெச்சா, அவரு எங்கிருந்தாலும் பாக்கலாமுங்ல்ல?"

என் டிஜிட்டல் கேமராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடித்தோம். முதல் நாள் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டி உட்கார்ந்தார். பத்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அதை எடுத்துடுங்க. பாக்கறவங்களுக்கும் அந்த ஓட்டை இருக்குமில்லீங்க?" என்றார். சேகரன் மப்ளரின் முடிச்சில் கை வைத்தார். பிறகு அவிழ்த்தார்.

ஏற்றிய ஒரு மாதத்தில் அந்த முதல் காணொளியைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து நாங்களே. அவர் ஆபீஸ் கிளம்புமுன்பும் வந்த பின்பும் அந்த எண்ணைப் பார்ப்பார். தலைப்பை மாற்றினார், சட்டையை மாற்றினார். யாரோ "தவளை பேசுது" என்று கீழே எழுதிவிட்டுப் போனான். அதைப் படித்துவிட்டு அவர் கணினியை அணைத்தார்.

பிறகு ஒரு தவறு செய்தார். அவரே அப்படித்தான் சொல்வார். கம்பெனி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார் என்று, ரயில் நிலைய அறிவிப்பைத் தன் கரகரப்பில் சொல்லி வேடிக்கையாக ஒன்று ஏற்றினார். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து எழுதினார்கள். முதல் இரண்டு நாள் அவரும் மகிழ்ந்தார், நானும்தான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே அதை அழித்தார்.

"ஏன்?"

"இதுல யாருமே 'ப' எப்படிச் சொல்றதுன்னு கேக்கலீங்."

எல்லாவற்றையும் அழித்துவிடப் போகிறேன் என்றும் சொன்னார். அந்த வாரத்திலேயே மதுரையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய அப்பா ராமையா, அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டு மாதமாக யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சேகரனின் மூன்றாவது காணொளியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார். காற்று உள்ளே போகிறது, வெளியே வரவில்லை, என்ன செய்வது?

அடுத்த ஞாயிறு சேகரன் கேமராவைப் பார்த்து, "ராமையா அண்ணா, வணக்கமுங். முழுங்காதீங்க. புடிச்சு வைங்க. ஒடனே விடுங்க" என்று ஆரம்பித்தார். உலகத்தில் ஒரே ஒருவருக்காக எடுத்த காணொளி அது. அந்தப் பெண்ணுக்குத் தன் செல்போன் எண்ணையும் எழுதி அனுப்பினார்.

ஆறு வாரம் கழித்து, கம்பெனி வாசலில் நாங்கள் சாய் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார். நீண்ட நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு காற்று. பிறகு, "த... தம்பி." சேகரன் "அண்ணா!" என்றார். சாலையில் போன பைக்குகளின் இரைச்சலில், இரண்டு கரகரப்புகள் பத்து நிமிடம் பேசிக்கொண்டன. ராமையா பாதி வார்த்தைகளை விழுங்கினார். இவர் அதை முடித்து வைத்தார். சாய்க்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்தபின் சேகரன் சொன்னார்: "இனி எத்தனை பேருன்னு பாக்கப் போறதில்லீங், மூர்த்தி. யாருன்னு பாத்தாப் போதும்."

சொன்னபடியே இருந்தார் என்று எழுத ஆசைதான். அவ்வப்போது எண்ணைப் பார்த்துவிட்டு, நான் கவனித்தால் திரையை மூடுவார். ஆனால் அதன்பிறகு எடுத்த ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார். ஈரோட்டு டீச்சர், நாகர்கோவில் தபால்காரர், கொழும்பிலிருந்து எழுதிய ஒரு அம்மாள். அந்தச் சேலத்து லாரி டிரைவரை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவருக்கு ஆறாத குறை.

காரியங்கள் முடிந்த மறுநாள் பத்மா என்னை வரச் சொன்னார். கணினி திறந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: தலைக்குக் குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"என்ன எழுத?" என்றேன். அவர் இல்லை என்று தெரிவிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பத்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "எழுத வேண்டாங்ணா. கேமரா கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். ஏன் எடுத்துச் சென்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்தார்.

"விழுப்புரத்து அண்ணா, நான் சேகரனோட சம்சாரம். அவரு தவறிட்டாருங்க. அவருக்கு ஆறு வருசம் நான்தான் தண்ணி வாத்து விட்டேன். பயப்படாதீங்க. மொதல்ல தலையக் குனிஞ்சுக்குங்க..."

கேமராவைக் கையில் பிடித்தே எடுத்ததால் படம் சற்று ஆடியிருக்கிறது. அப்படியே ஏற்றிவிட்டோம்.

போய் வாருங்கள், சேகரன். விழுப்புரத்துக்காரர் நேற்றுத் தலைக்குக் குளித்துவிட்டாராம்.