குனியாதீங்க, தூக்காதீங்க

இடுப்பு வலி என்று எங்கள் கிளினிக்கிற்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது மெஷினைத்தான். இந்தச் சுங்கை சிப்புட் ஊரில் நான் பிசியோதெரபி பார்க்க வந்த நாளிலிருந்து இதே கதை. சூடு காட்டும் விளக்கோ, கரண்ட் வைக்கும் பெட்டியோ முதுகில் பட்டால்தான் அவர்களுக்கு அது வைத்தியம். ஒருமுறை ஈப்போவில் ஒரு ஹோட்டலில் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் புதிய சிகிச்சை வழிகாட்டியைச் சொல்லிக் கொடுத்தார்கள். சாதாரண இடுப்பு வலிக்கு எடுத்த எடுப்பிலேயே ஸ்கேன் வேண்டாம், படுக்கப் போடாதீர்கள், பயத்தைப் போக்குங்கள், நடக்க விடுங்கள், வழக்கமான வேலைகளைச் செய்ய விடுங்கள். ஆராய்ச்சிகள் இதைத்தான் சொல்கின்றன என்றார்கள். குளுகுளு அறையில் கறிபாப் தின்றுகொண்டே கேட்டால் எதுதான் நியாயமாகப் படாது? திரும்பி வந்து முதல் ஆளிடம், மெஷின் வேண்டாம், தினமும் நடங்கள் என்றேன். கிளினிக்கில் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று அந்த மனிதர் வெளியே போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் இவர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். முன்பு லாரி ஓட்டியவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை. சட்டைக்கு மேலேயே அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உலக்கையை விழுங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே கார் சாவி கையிலிருந்து விழுந்தது. அவர் குனியவில்லை. சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஈப்போவில் ஒரு தனியார் டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தாராம். எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அவர் வசிக்கும் தாமான் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கி வைத்தார். வீட்டு முன்னால் சாக்கடைக் கால்வாயைக் கூட்டப் போனால் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார். கோயில் அன்னதானத்தில் சோற்று அண்டாவைத் தொட்டவுடன், போய் உட்காருங்கண்ணே என்று நாற்காலியைக் காட்டினார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பல வாரங்களாக அந்த மனிதர் தன் இடுப்பை வளைக்கவே இல்லை என்றுதான் நான் அப்போது நினைத்தேன். வளையாத இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா, காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா. ஒன்றும் இல்லை. தேய்மானம் உங்கள் வயதில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும், தலை நரைக்கிற மாதிரிதான் அதுவும் என்று பாடம் நடத்தினேன்.

"நரை வலிக்காதே மிஸி," என்றார் அவர். எங்கள் பக்கத்தில் கிளினிக்கில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் மிஸிதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலி பொய் இல்லை, அந்தப் படத்தில் தெரிகிற தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் என்றேன். அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தூக்கலாமா கூடாதா என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படி எதை அண்ணே தூக்கப் போகிறீர்கள் என்று கொஞ்சம் சிடுசிடுப்பாகவே கேட்டுவிட்டேன்.

"என் வீட்டுக்காரியத்தான்," என்றார்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் பலம் குறைவு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று எல்லாம் இவர் கையால்தான். இப்போதும், இடுப்பு எந்த நிமிடம் உடையுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர்தான் தூக்குகிறார். ஸ்கேன் விஷயம் தெரிந்ததும் கிள்ளானில் இருக்கும் மகள் அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் பிடித்துவிட்டாள். மனைவிக்குப் போக இஷ்டம் இல்லை. இவருக்கும் அனுப்ப மனம் இல்லை.

"நான் தூக்க முடியலன்னா அவ போய்த்தான் ஆகணும் மிஸி. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. போகிற போக்கில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிய அந்த டாக்டர் மேல் கோபம். விளக்குமாற்றைப் பிடுங்கிய தாமான்காரர்கள் மேலும் கோபம். வழிகாட்டியில் வழக்கமான வேலைகளைச் செய்ய விடுங்கள் என்று இருந்தது. அந்த வழக்கமான வேலை ஒரு மனுஷியைத் தூக்குவதாக இருந்தால் என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை. சாவி எடுப்பதிலிருந்து ஆரம்பிப்போம், மற்றதைப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

பெல்ட்டை முதலில் வீட்டில் கழற்றச் சொன்னேன், பிறகு வேலையிலும். காலையில் திடலைச் சுற்றி நடக்கச் சொன்னேன். முக்காலி மேல் இருப்பதை எடுக்கப் பழகி, பிறகு தரையில் இருப்பதை எடுத்து, கடைசியில் அரிசிப் பைக்கு வந்தோம். நடுவில் ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா நான் அப்பவே சொன்னேனே என்பது போல நொண்டிக்கொண்டே வந்து நின்றார். வலி வந்தால் எலும்பு உடைந்துவிட்டது என்று அர்த்தமா என்று நன்றாகத் திட்டி அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், அடுத்த முறை பெல்ட் இல்லாமல் வந்தார். இனி மனைவியைக் கூட்டி வாருங்கள் என்றேன்.

மகளும் கூட வந்தாள். அம்மாவை அழைத்துப் போகத்தான் கிள்ளானிலிருந்து வந்திருந்தாள். அவளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் மனதுக்குள் தயாராக இருந்தேன். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு என்னைத் தனியாக ஓரமாக அழைத்து, அப்பாவும் படுத்துவிட்டால் நான் யாரைப் பார்ப்பது என்று அவள்தான் கேட்டாள். பாவம், அவளும் பயத்தில்தான் இருந்தாள்.

வீட்டில் எப்படித் தூக்குவீர்களோ அப்படியே தூக்குங்கள் என்றேன். அவர் மனைவியின் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து, மொத்தக் கனத்தையும் தன் மேல் வாங்கித் தூக்கினார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொங்கினார். பாதம் தரையில் படவே இல்லை. அவரை உட்காரவைத்து, நல்ல காலால் என் கையைத் தள்ளச் சொன்னேன். தள்ளிய வேகத்தில் நான் பின்னால் சாய்ந்தேன். ஆஸ்பத்திரியில் எழுந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். அப்புறம் ஏன் நிற்பதில்லை?

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "நின்னா இவரு பயந்துக்கிறாரு. தூக்கினாத்தான் இவருக்கு நிம்மதி. அதான் விட்டுட்டேன்."

தாமான்காரர்கள் அண்ணனுக்குச் செய்ததையே இவர் வீட்டுக்குள் மனைவிக்குச் செய்திருந்தார்.

பிறகு சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்து, முன்னால் சாய்ந்து எழச் சொன்னேன். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பாய்ந்து வந்து கக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, கைய எடுங்க," என்று அதட்டினேன்.

எடுத்தார். அடுத்த தடவை அந்த அம்மா இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி நடுங்கியது. நான் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, மூச்சு விடுங்கள் அக்கா, மூச்சு விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முழுசாக நிமிர்ந்து நின்றார். கணவரை விட அரை விரல் உயரம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நின்றபடியே மகளைப் பார்த்து, "நான் இங்கயே இருக்கேன்லா," என்றார்.

மகள் தரையில் ஊன்றியிருந்த அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு, இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் அம்மா என்றாள். அண்ணன் சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தார். மனைவி அவர் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"இத்தன நாளா தூக்கினீங்க. இனிமே கைய மட்டும் குடுங்க."

கையை நீட்டவே அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.