நெல்லுக் களத்தில் பனிப் பாடம்

எனக்கு வயசு அறுபத்தாறு. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்காம வளர்த்தேன், அதை மொதல்லயே எழுதிடணும். ரெண்டாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன். ஒரு பக்கம் முடிய ஒரு சாயங்காலம் ஆகுது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் கடைசிப் பொண்ணு நியூசிலாந்து போய் ஸ்கீ வாத்தியார் பரீட்சை எழுதித் தேறிட்டு வந்தா. அதைப் பத்தி எங்க சொந்தத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாரோ பெரிய ஆள் சிபாரிசுன்னு ஒருத்தர். அந்த ஊர்ல போனவங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்துதான் அனுப்புவாங்கன்னு இன்னொருத்தர். நடந்தது எனக்குத் தெரியும். பாதி நடந்தது கீரப்பாளையத்துக்கிட்ட நான் வேலை பார்த்த ரைஸ் மில்லு களத்துல.

மத்த நாலு பேரையும் பெத்து முடிச்சு, இனிமே இல்லன்னு நான் நிம்மதியா இருந்தப்ப வந்து பொறந்தவ அவ. கடலூர்ல கேட்டரிங் படிச்சா. படிச்ச கையோட வடக்க மணாலியில ஒரு ஓட்டல்ல வேலை கெடச்சுது. வர்றவங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுத்து, பேரு எழுதிக்கிற வேலை. அந்த ஊர் மலையில கொட்டிக் கெடக்குற பனியில, ஓட்டல்ல தங்குறவங்க காலுல நீளப் பலகை கட்டிக்கிட்டு சறுக்கி வெளையாடுவாங்களாம். அந்தப் பலகைக்குத்தான் ஸ்கீன்னு பேரு. லீவு நாள்ல இவளும் கட்டிக்கிட்டுப் பழகியிருக்கா. நல்லா வந்திருக்கு. ஓட்டல்காரங்க சொந்தமா ஸ்கீ பள்ளிக்கூடம் வைக்கலாம்னு நெனைச்சு, இவளையும் கூட வேலை பார்த்த ஒரு பையனையும் வாத்தியார் படிப்புக்கு நியூசிலாந்து அனுப்புனாங்க. ரெண்டாயிரத்துப் பத்துல, ஆடி மாசம். நமக்கு ஆடிக் காத்து அடிக்கிறப்ப அவுங்களுக்குக் குளிர் காலம்.

தேறிட்டு வந்தா மலையில வாத்தியார் வேலை. தேறலன்னா பழையபடி சாவி எடுத்துக் குடுக்கணும். இதுதான் ஓட்டல்காரங்க பேச்சு. என் பெரிய மகன் குமராட்சிப் பக்கம் மினி பஸ் ஓட்டுறவன். அவன் ஒரு படி மேல போயி, "தேறலன்னா சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊருக்கு வரட்டும், மாப்ள பார்த்துடலாம்"னான். அவகிட்டயே போன்ல சொல்லிட்டான். அவளும் ரோஷத்துல, "சரிண்ணா, தேறலன்னா நீ சொல்றவனுக்குக் கழுத்த நீட்டுறேன்"னுட்டா. அந்த வாய் எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் என்னைக் கேக்க வேணாம்.

களத்துல என்கூட நெல்லு காயவைக்கிறவ ஒருத்தி. என்னை விட நாலஞ்சு வயசு சின்னவ, வாயில மட்டும் பெரியவ. அவ கேட்டா, "ஏங்க்கா, பாப்பா வெளிநாட்டுல என்னா படிக்குது?"

"பனியில எப்படி வழுக்கிக்கிட்டுப் போறதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற படிப்பு."

"வழுக்குறதுக்கா? எங்க கொல்லையில கெணத்தடி பூரா பாசி. அங்க வந்திருந்தா நானே சும்மா சொல்லிக் குடுத்திருப்பேனே."

பொண்ணு வாத்தியாரா வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.

ஆவணி பொறந்த சமயத்துல ஒருநாள் உச்சி வெயில்ல போன் வந்துது. அங்க அப்ப சாயங்காலமாம். எடுத்தா மூக்கை உறிஞ்சுற சத்தம்.

"எம்மா, போயிடுச்சும்மா."

"என்னா போயிடுச்சு?"

"பரீட்சை. சறுக்கிக் காட்டுறதுல தேறிட்டேன். சொல்லிக் குடுக்குறதுல பெயில். கூட வந்த பையன் ரெண்டுலயும் தேறிட்டான். எனக்கு அடுத்த வாரம் இன்னொரு தடவ வைப்பாங்களாம். அதோட சரி."

நெதானமா கேட்டு வாங்கினேன். அங்க பரீட்சை எப்படின்னா, கூடப் படிக்கிறவங்க ஏழெட்டுப் பேர் ஒண்ணும் தெரியாதவங்க மாதிரி நிப்பாங்க. இவ அவுங்களுக்குப் பாடம் நடத்தணும். பெரிய வாத்தியாரு ஓரமா நின்னு பார்ப்பாரு. இவ என்ன பண்ணியிருக்கா? "நான் பண்றதப் பாருங்க, அதே மாதிரி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு விர்ருன்னு சறுக்கிப் போயிட்டா. கீழ போய் திரும்பிப் பார்த்தா பாதிப் பேரு மேலயே நிக்கிறாங்க, ரெண்டு பேரு விழுந்து கெடக்குறாங்க. "நீ பாடம் நடத்தல, வேடிக்கை காட்டின"ன்னு சொல்லி பெரிய வாத்தியாரு பெயில் போட்டுட்டாரு.

எனக்குக் கோவம்தான் வந்துது. எங்க களத்துல யாரு யாருக்குப் பாடம் நடத்துனா? புதுசா வேலைக்கு வர்றவகிட்ட, பாரு, செய்யின்னுதான் சொல்லுவோம். என் புள்ளைங்க அஞ்சும் அடுப்பு மூட்டுனது, சைக்கிள் ஓட்டுனது எல்லாம் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். அதுல என்ன கொறை? ஆனா பெயில் போட்டது நான் இல்ல, அந்த வாத்தியாரு.

"சரி, எனக்குச் சொல்லிக் குடு"ன்னேன்.

"உனக்கா?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

அவிச்ச நெல்ல சிமெண்டுக் களத்துல பரப்பிக் காயவச்சா, நேரத்துக்கு நேரம் காலால துழாவி விடணும். காலைத் தூக்கக் கூடாது. நெல்லுக்குள்ள விட்டு இழுத்துக்கிட்டே போகணும். போயிட்டுத் திரும்பிப் பார்த்தா ரெண்டு கோடு போட்ட மாதிரி நீளமா கெடக்கும். அவ அனுப்புன போட்டோவுல பனியிலயும் அதே மாதிரி ரெண்டு கோடு இருந்துச்சு. அதனாலதான் தைரியமா கேட்டேன். ஸ்பீக்கரைப் போட்டு, போனை சுருக்குப் பையில வச்சு கழுத்துல மாட்டிக்கிட்டேன்.

"முட்டியைக் கொஞ்சம் மடக்கும்மா. முன்னால பாரு, காலைப் பார்க்காத. இடது பக்கம் திரும்பணும்னா வலது காலை அழுத்து."

"ஏன்?"

"அப்படித்தான்."

"அப்படித்தான்னு சொன்னா அந்த வாத்தியாரு பெயில் போடாம மாலையா போடுவாரு?"

மூக்கை ஒரு தடவ உறிஞ்சிட்டு வேற கொரல்ல கேட்டா, "சரிம்மா. நீ எப்பவும் துழாவுவியே, அப்படியே இடது பக்கம் திரும்பு. திரும்புறப்ப எந்தக் கால் மேல பாரம் இருக்கு?"

நின்னுட்டேன். இத்தனை வருஷம் அந்தக் களத்துல நடந்திருக்கேன், இதை ஒருத்தரும் கேட்டதில்ல. மறுபடி துழாவிக்கிட்டே திரும்பினேன். "வலது கால் மேல."

கூட இருந்தவ சும்மா இருப்பாளா. "எனக்கு எடது கால் மேலதான்"னா.

"அது எப்படி? ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே திரும்புறோம்?"

"என் காலு எனக்குத் தெரியாதாக்கா?"

நாங்க ரெண்டு பேரும் சண்டை போட, சுருக்குப் பைக்குள்ளேருந்து என் பொண்ணு சிரிக்கிறா. அழுதுக்கிட்டு போன் பண்ணவ சிரிக்கிறா. சிரிச்சு முடிச்சு, "சின்னம்மா, வலது கால்ல உங்களுக்கு வலி ஏதும் இருக்கா?"ன்னா.

"ஆமா பாப்பா, முட்டி. அதை ஊனவே முடியல."

"அப்ப நீங்க பெருசா திரும்பாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு வாங்க. வலிச்சா நில்லுங்க."

அவ அப்படியே வளைஞ்சு வந்தா. "வலி தெரியலயே பாப்பா"ன்னா. என் பொண்ணு உடனே, "எம்மா, நாளைக்கும் இதே நேரத்துக்குப் பண்றேன். சின்னம்மாவும் இருக்கட்டும்"னா.

அந்த வாரம் பூரா எங்களுக்குப் பாடம்தான். அவளுக்கு எங்க காலு தெரியாது, அதனால ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடிஞ்சுது. இப்ப என்ன பண்றீங்க, எங்க பாரம், பயமா இருக்கா, காலு சுடுதா. எங்களுக்குக் களம் சுட்டுது, அவளுக்கு வெரலு வெறைச்சுது. மறுநாள் பார்த்தா முட்டிவலிக்காரி தலை வாரி, பவுடர் பூசிக்கிட்டு வந்து நிக்கிறா.

"போன்ல மூஞ்சி தெரியுமாடி?"

"தெரியாட்டி என்னாக்கா? பாடம் படிக்கப் போறோம்ல."

சறுக்கிக்கிட்டே போறப்ப நிக்கிறதுக்குன்னு ஒரு பாடம் இருக்கு. ரெண்டு கால் நுனியும் கிட்டக் கிட்ட வரணும், குதிகால் ரெண்டும் வெளிய விரியணும். நான் பண்ணிப் பார்த்தேன். நெல்லு வழுக்கி, பொத்துனு உக்காந்துட்டேன்.

"என்னா சத்தம்?"ன்னா பொண்ணு.

"உங்கம்மா நெல்லுல உக்காந்துட்டாங்க பாப்பா."

வேற நாளா இருந்தா, பார்த்து நடக்க மாட்டியான்னு கத்தியிருப்பா. அன்னைக்கு, "வலிக்குதாம்மா? எந்தப் பக்கம் சாஞ்ச? குதிகாலை ரொம்ப விரிச்சிட்டியா?"ன்னு ஒண்ணொண்ணா கேட்டா. நான் விழுந்ததைப் பார்த்துட்டு மில்லு மொதலாளி ஓடி வந்தாரு.

"என்னம்மா, மயக்கமா?"

"இல்ல மொதலாளி, பரீட்சைக்குப் படிக்கிறோம்."

அவரு எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, மோரு வாங்கியாரச் சொல்லிட்டுப் போனாரு. வெயிலு தலைக்கு ஏறிடுச்சுன்னு நெனைச்சுட்டாரு போல.

பரீட்சை அன்னைக்குக் காலையில மகன் பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்னால வந்தான். "எம்மா, பெண்ணாடத்துல ஒரு நல்ல எடம் இருக்கு. மாப்ளைக்கு மில்லுல வேலை. ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டுமா?"

"அவ வாயால ரிசல்ட்டு கேக்காம ஒருத்தரையும் வரச் சொல்லாத."

"கேட்டுட்டா?"

"கேட்டுட்டும் சொல்லாத."

அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். நான் போனைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். களத்துல போனு அடிக்கவே இல்ல. மத்தியானம் தாண்டி மேக்கால திடீர்னு கருத்துது. நெல்லு பூரா விரிச்சுக் கெடக்கு. நெல்லு தள்ளுற பலகையைப் போட்டுக் குவிக்கிறோம், மொதலாளி தார்ப்பாயை இழுக்குறாரு, முட்டிவலிக்காரி முட்டியை மறந்து ஓடுறா. தூத்தல் விழுறப்பத்தான் கழுத்துல போன் அடிக்குது. ரெண்டு கையிலயும் பலகை. கைய விட்டா மொதலாளி நெல்லு நனையும். அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுதா இல்லியாங்கிறது அந்தப் பைக்குள்ள இருக்கு, நான் நெல்லத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன்.

குவிச்சு மூடிட்டு கொட்டாயில வந்து நின்னோம். மறுபடி அடிச்சுது.

"ஏம்மா எடுக்கல?"

"நெல்லு நனையுதுடி. தேறினியா இல்லியா, அதைச் சொல்லு."

"இரும்மா, மொதல்லேருந்து சொல்றேன்."

"மொதல்லேருந்து வேணாம். கடைசிய சொல்லு."

"தேறிட்டேன்."

கூட நின்னவளுக்குக் கேட்டுடுச்சு. "அக்கா, நாம தேறிட்டோமா?"ன்னா. நான் தலைய ஆட்டுனேன்.

அப்புறம் மொதல்லேருந்து சொன்னா. இந்தத் தடவ அவ முன்னால ஓடல. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி எந்தக் கால்ல பாரம்னு கேட்டிருக்கா. ஒருத்தன் பூட்ஸு இறுக்குதுன்னான். எல்லாரையும் நிறுத்தி வச்சுட்டு, குனிஞ்சு அவன் பூட்ஸ தளத்திவிட்டு, இப்ப சரியான்னு கேட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாளாம். பெரிய வாத்தியாரு கிட்ட வந்து கை குடுத்து, "ஒரு வாரத்துக்குள்ள யாருகிட்ட பழகுன?"ன்னாராம்.

"நீ என்னா சொன்ன?"

"ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன், ஒருத்தங்களுக்கு முட்டி வலி, இன்னொருத்தங்க கேள்வியா கேட்டுக் கொல்லுவாங்கன்னு சொன்னேன்."

நான் போனை மகனுக்குப் போட்டேன். பஸ்ஸு ஓட்டுறேன்மான்னான். ஓரமா நிறுத்துன்னேன். நிறுத்தினான். சொன்னேன். பஸ்ஸுல ஏறியிருந்த சனங்களுக்கெல்லாம் அவனே சத்தம் போட்டுச் சொன்னது எனக்குக் கேட்டுது. பெண்ணாடத்துக்காரங்களுக்கும் அன்னைக்கே அவனே பேசிட்டான்.

அந்த மார்கழிலேருந்து அவ மணாலி மலையில வாத்தியாரு. சாவி வேற யாரோ எடுத்துக் குடுக்குறாங்க. மாப்ளை பார்க்கச் சொன்னா பார்ப்போம், அவ சொல்லட்டும்.

இன்னைக்கு இவ்வளவுதான், கை வலிக்குது. பெரியவன் பொண்ணு பள்ளிக்கூடத்துலேருந்து வந்துட்டா. ஏ குட்டி, பைய வச்சுட்டு இங்க வா. இதை ராத்திரி அத்தைக்குப் போன்ல படிக்கணும், அதுக்கு முன்னால எனக்குப் படி. எழுத்து கோணலாத்தான் இருக்கும். நீயா எதையும் சேர்க்காத, எதையும் விடாத. சத்தமா படி.