சாமி துடுப்புப் போட்ட காலை

கண்மாய்க்குத் தண்ணீர் வந்து பத்து நாள் இருக்கும், தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் டி. கல்லுப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் பேரல்களை நீளவாக்கில் அறுத்து, இரும்புக் குழாயில் பிணைத்து, ஒல்லியாக ஒரு படகு செய்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மலையடிக் கண்மாயில் இறக்கிப் பார்க்கக் கூட ஓர் ஆள் வேண்டுமாம்.

“நீ வாண்ணே. மாலை போட்டிருக்காரு, கோவப்பட மாட்டாரு. திங்கக்கெழம கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுது” என்றாள்.

அவரும் நானும் பேசி இரண்டு வருடமாகிறது. தப்பு என்னுடையது. ஒத்தக்கடையில் நான் வீடு கட்டிக் குடிபோன அன்று அவர் பந்தி பாதி நடக்கும்போது வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “கண்மாயில மீன் ஏலம்னு சொல்லியிருந்தா மாப்ள விடியக்காலையே வந்திருப்பாரு” என்று இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையைக் கழுவிவிட்டுப் போனவர்தான். பட்டறையில் ஒருவருக்குக் கையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையைக் கையில் வாங்குகிற சொந்தக்காரன் மணமக்கள் பெயரைக்கூட அப்புறம்தான் படிப்பான். ஊர் பேசுவது இருக்கட்டும், எனக்கே அதைத் தாங்க முடியாது. கிளம்பும்போது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனத்தோடு கரையில் நின்றிருந்தார். “வாங்க சாமி” என்றார். முன்பெல்லாம் வாய் நிறைய மச்சான் என்பவர். மாலை போட்டவர்கள் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், டீக்கடைக்காரரையும் கண்டக்டரையும்கூட. அந்தக் கணக்கில் நானும் ஒரு சாமி. “சரி சாமி” என்றேன்.

கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் மீன்குஞ்சு விட்டிருந்தார். இந்தச் சமயத்தில் வலை போட விடமாட்டார். தூண்டிலுக்கு மட்டும் தடையில்லை. விரால் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும், அதைப் பிடித்துப் போனால் அவருக்கு நல்லதுதான். கரையில் நின்ற அந்தக் குத்தகைக்காரர் கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் சிரித்தார். நம்மவர் உடனே விளக்கம் சொன்னார்: மீனைத் தொட மாட்டாராம், பார்க்கக்கூட மாட்டாராம், படகு எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வந்தாராம். பிரியாணிக் கடைக்குப் பேப்பர் படிக்கப் போன கதை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

நான் முன்னால், அவர் பின்னால். படகு லேசாக ஆடியது, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அதைச் சொன்னேன். பின்னால் துடுப்பு கொஞ்சம் வேகமாக விழுந்தது. ஒட்டுப் போட்ட ஓர் இடத்தில் தண்ணீர் கசிந்தது. அறுத்த பாட்டிலால் மொண்டு வெளியே ஊற்றினேன். மலை பக்கத்தில் பெரிதாக நின்றது. தண்ணீர் இன்னும் செம்மண் நிறமாகத்தான் இருந்தது.

தூண்டிலில் தவளையைக் கோத்து ஆழத்தில் போட்டேன். பின்னால் உச்சுக் கொட்டுகிற சத்தம் கேட்டது. இந்தக் கண்மாயில் விரால் பிடிக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கடையில் வாங்கித் தின்கிற ஆள். இன்னொரு முறை போட்டேன், இன்னொரு உச்சு. பிறகு படகு தானாகத் திரும்பி, கரையோரம் ஆம்பல் இலை அடர்ந்த இடத்தில் போய் நின்றது. சாமி மீன் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது, ஆனால் துடுப்புக்கு விரதம் கிடையாது போலிருக்கிறது.

இலைகளுக்கு நடுவே தவளையை விட்டேன். ஒரே கவ்வல், தூண்டில் நரம்பு விறைத்தது. நான் பதறிப்போய்க் கம்பைப் பிடித்து இழுத்தேன்.

“மச்சான், இழுக்காதீங்க. நரம்ப விடுங்க, ஓடட்டும். மச்சான், விடுங்கன்னா.”

விட்டேன். ஓடிக் களைத்த விரால் படகோரம் வந்தது. எனக்கு அதை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, செவுளில் விரலைக் கொடுத்து மீனைத் தூக்கியது. திரும்பிப் பார்த்தேன். ரெண்டு கிலோ தேறும். மீனைவிட அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பு. மீனுக்குக் கீழே மார்பில் துளசி மாலை தொங்கியது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். விரல் தளர்ந்தது. மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. படகு ஆடியதில் தண்ணீர் உள்ளே வந்து இருவர் இடுப்பும் நனைந்தது.

அவர் கையைத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, சரணம் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். என் வாயில் நாலைந்து கேலி வரிசை கட்டி நின்றன. எதையும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

“அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்ள” என்றேன்.

அவர் துடுப்பை எடுத்தார். நான் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தேன். கரை வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகை மேலே இழுத்தோம். அவர் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“பத்திரிகையில ஒங்க பேருக்கு முன்னால இனிசியல் ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு, மாப்ள” என்றேன்.