மூன்று பெயர்களும் ஒரு மூச்சும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் மரியகொரட்டியைத் தேடி ஆள் ஓடி வந்தால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பிறந்த பிள்ளை தேறாது என்று தெரிந்துவிட்டால் லொறி கேட்டு ஓர் ஆள் தொழிற்சாலைப் பக்கம் ஓடும், இன்னோர் ஆள் கொரட்டி இருக்கிற லயத்து வரிசை வீட்டுக்கு ஓடும். பதுளையிலிருந்து பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், அதுவும் மண் சரியாத மாதமாக இருந்தால். சாகக் கிடக்கிற பிள்ளை அந்த ஞாயிறு வரைக்கும் காத்துக்கொண்டிருக்குமா? அதற்குத் திருச்சபை ஒரு வழி வைத்திருக்கிறது. ஆபத்தென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குருவானவராக இருக்கத் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. தலையில் தண்ணீரை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொன்னால் சரி.

கொரட்டி அப்படிப் பதினொரு பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அதனால் கைக்குழந்தை என்றால் அவளுக்குப் பயமில்லை. பதினொன்றில் நான்கு பிழைத்துக்கொண்டன. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற சுஜீவா அதில் ஒருத்தி. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

அவள் முதன்முதல் ஊற்றியது தன் சொந்தப் பிள்ளைக்கு. அதைச் சொல்லாமல் கொரட்டியைச் சொல்ல முடியாது.

தொண்ணூற்று நான்காம் வருசம், ஐப்பசி மழை. ஏழு மாதத்தில் பிறந்துவிட்ட பெண் பிள்ளை, இரண்டாம் நாளே உதடு நீலம் பாரித்துவிட்டது. தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கிளம்பினார்கள். அவளும், புருசன் மத்தேயுவும், டிரைவரும். பசறைக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போதே, இனி தாங்காது என்று கொரட்டிக்குத் தெரிந்துபோயிற்று. பிளாஸ்கில் இருந்தது கொதிதண்ணீர். லொறியை நிறுத்தச் சொல்லி, பிள்ளையை மத்தேயுவின் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டோரத்து ஊற்றில் பிளாஸ்க் மூடியை நிரப்பிக்கொண்டு, பிரசவமான வயிற்றோடு ஓடி வந்தாள்.

"மூச்சு இருக்குதாங்க?"

"இருக்கு. இப்பத்தான் கண்ண முழிச்சுப் பாத்தா. சீக்கிரம் ஊத்து."

அவள் ஊற்றினாள். மூன்று பெயரையும் சொன்னாள். ஜெசீகா என்று பெயர் வைத்தார்கள். லொறி பசறைக்கு வந்தபோது பிள்ளை இல்லை.

முப்பத்தொரு வருசமாக கொரட்டி அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றாள். கண்ணை முழித்துப் பார்த்தாள், ஞானஸ்நானம் வாங்கினாள், பிறகுதான் போனாள். அழுகை வந்தபோதெல்லாம் மத்தேயுவும் அதையேதான் சொல்வார். "நீ சரியாத்தான் அனுப்பி வச்ச, கொரட்டி. அவ நல்ல எடத்துலதான் இருக்கா." அதற்குப் பிறகு கெவின் பிறந்தான், வளர்ந்தான், கொழும்பில் கடை வேலைக்குப் போனான். மத்தேயுவும் கங்காணியாக இருந்து, ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்தார்.

அந்த முழங்காலுக்கு ஜெபிக்கத்தான் பாஸ்டர் ரஜீவ் வந்தார். கீழ்ப்பிரிவில் தகரக் கொட்டகை போட்டுச் சபை நடத்துகிறவர். சிரித்த முகம், நல்ல பேச்சு. அவர் வருவதில் கொரட்டிக்குக் கோபமில்லை. யார் ஜெபித்தால் என்ன, முழங்கால் மடங்கினால் சரி. அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

ஆவணி மாதம் மத்தேயுவுக்கு இருமல் தொடங்கியது. சாயந்தரம் விளக்கு வைத்ததும் இரண்டு பேருமாகச் செபமாலை சொல்வது அந்த வீட்டில் கலியாண நாளிலிருந்து உள்ள வழக்கம். செபமாலை முழுக்க ஒழுங்காக வருவார். "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை" என்கிற இடம் வந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். பத்து மணிகள் உருட்டி முடியும்போது ஒரு தடவை, அடுத்த பத்து முடியும்போது இன்னொரு தடவை. பாவம் மனுசன் என்று கொரட்டி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தாள். நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டு மாதம் அவரும் குடித்தார். கசக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு பின்னேரம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பாஸ்டர் கூட்டம் வைத்தார். கொரட்டி போகவில்லை, லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி போட்டால் மலை முழுக்கக் கேட்கும். பாட்டு முடிந்தது. பிறகு வந்தது அவள் வீட்டுக்காரரின் குரல்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஆத்துல முழுகி, இயேசுவின் நாமத்துல மட்டும் ஞானஸ்நானம் எடுத்தேன். மூணு பேரச் சொல்லி ஊத்துறதெல்லாம் மனுசன் உண்டாக்கினது, அது ஞானஸ்நானமே இல்ல. நானும் அறியாமையில என் மகளுக்கு அப்புடிச் செய்ய விட்டேன். லொறியில வச்சு என் சம்சாரம் ஊத்துனா. அது வெறும் தண்ணி."

சுளகு கையிலிருந்து எப்போது விழுந்தது என்று கொரட்டிக்குத் தெரியாது. சுஜீவா இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்து நின்றாள்.

"பெரியம்மா, என்ன சொல்றாரு இவரு? அப்ப நீங்க எனக்கு ஊத்துனது?"

கொரட்டி எழுந்தாள். கட்டியிருந்த சீலையோடு இறங்கிப் பெரட்டுக்களத்துக்கு நடந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. மத்தேயு மைக்கைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றாள் அவள். "அது வெறும் தண்ணின்னா, நம்ம புள்ள இப்ப எங்க இருக்கா?"

மத்தேயு மைக்கைப் பாஸ்டரிடம் நீட்டினார். பாஸ்டர்தான் முன்னால் வந்தார்.

"கோவப்படாதீங்கம்மா. உங்களக் குறை சொல்லல. கடவுள் மூணு ஆளு இல்ல, ஒரே ஆளுதான். அன்னைக்குப் பிதாவா இருந்தாரு, பெறகு சுதனா வந்தாரு, இப்ப ஆவியா இருக்காரு. உங்க வீட்டய்யாவையே பாருங்க. மலையில கங்காணி, வீட்டுல புருசன், கெவினுக்கு அப்பா. ஆளு ஒண்ணுதானே? மூணுங்கிறத முந்நூறு வருசம் கழிச்சு ஒரு ராசா பிசப்மாரக் கூட்டி வச்சுத்தான் எழுத வச்சாரு."

"நல்ல ஆளத்தான் காட்டுனீங்க," என்றாள் கொரட்டி. "வீட்டுல எங்கூட உக்காந்து செபமாலை, ஆத்துல உங்ககூட முழுக்கு, இங்க மைக்குல இன்னொரு மூஞ்சி. கடவுளும் இப்புடித்தான் நேரத்துக்கு ஒரு மூஞ்சி காட்டுவாருன்னா அவரு எனக்கு வேணாம் தம்பி. பிதா பிதாவா இருக்கணும், சுதன் சுதனா இருக்கணும். ஒருத்தர ஒருத்தர் கைவிடாம இருக்கணும். எனக்கு உபதேசியார் சொல்லித் தந்தது அதுதான்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்து இருமல் என்னவென்று நடந்து வரும்போதே அவளுக்கு விளங்கியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள். கோயிலடியில் சாமியாரைப் பிடித்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், நடந்ததெல்லாம் சொன்னாள். "செல்லுமா, செல்லாதா? அத மட்டும் சொல்லுங்க சாமி."

சாமியார் வயதில் கெவினை விட இரண்டு வருசம்தான் மூத்திருப்பார். கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னார்.

"இந்தச் சண்டை புதுசு இல்லம்மா. ஒரே ஆளு மூணு வேசம் போடுறாருன்னு சபெல்லியுஸ்னு ஒருத்தர் ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முந்தியே சொன்னதாச் சொல்றாங்க. அப்புறம் ஆரியுஸ் வந்தாரு. சுதன் கடவுள் இல்ல, கடவுள் உண்டாக்குன ஒருத்தர்தான்னாரு. சனங்க பாடுறதுக்குப் பாட்டாவே கட்டி விட்டாரு. அதுக்குத்தான் நிக்கேயாவுல பிசப்மார் கூடினாங்க. கூட்டினது ராசாதான், அது உண்மை. ஆனா மூணு பேரையும் அவங்க உண்டாக்கல. மத்தேயு எழுதுன சுவிசேசத்துல கடைசியில அது முந்தியே இருக்கு."

"மத்தேயு எழுதுனத மத்தேயுவே இல்லங்கிறாரு," என்றாள் கொரட்டி.

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட்டம் முடிஞ்சும் சண்டை ஓயல. கொன்ஸ்தாந்திநோப்பிள்னு ஒரு பெரிய பட்டணம். அங்க றொட்டி என்ன விலைன்னு கேட்டா, பிதா பெரியவரு சுதன் சின்னவருன்னு பதில் வருமாம்."

"றொட்டிக் கடையிலயா? இங்க பீலியில தண்ணி பிடிக்கப் போனா அதேதான். அது கெடக்கட்டும். எம்புள்ளைக்குச் சொல்லுங்க."

"அதுக்கும் ஒரு வழக்கு நடந்துருக்கு. தப்பான கூட்டத்துல போயி ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத் திரும்பக் குடுக்கணும்னு கார்த்தேஜ் பிசப் நின்னாரு. வேணாம்னு ரோமாபுரி நின்னுச்சு. ஊத்துன ஆளு யாருங்கிறது முக்கியமில்லன்னு கடைசியில முடிவாச்சு. தண்ணி ஊத்தி, மூணு பேரையும் சொல்லி, புள்ளைக்கு உசுரும் இருந்திருந்தா அது செல்லும். பாப்பரசரே வந்தாலும் அத அழிக்க முடியாது."

கொரட்டி அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பசறையில் இறங்கிச் சுஜீவாவின் பிள்ளைகளுக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கினாள். அடுத்த பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத சிங்கள அம்மாவிடம் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள். அந்த அம்மாவும் தலையாட்டிச் சந்தோசப்பட்டார்.

வீட்டில் மத்தேயு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது.

"செல்லுமாம்!" என்றாள் வாசலிலேயே. "கேட்டுக்கங்க. ரோமாபுரியில வழக்குப் பேசித் தீத்துட்டாங்களாம். ஊத்துனது நானா இருந்தாலும் செல்லும், படிக்காதவளா இருந்தாலும் செல்லும். தண்ணி இருந்துச்சு, மூணு பேரும் சொன்னேன், புள்ளைக்கு உசுரு இருந்துச்சு. இன்னைக்கே போயி உங்க பாஸ்டர்கிட்டச் சொல்லுங்க. நாளைக்கு அதே மைக்குல நீங்க சொல்லணும்."

மத்தேயு எழுந்திருக்கவில்லை. "கொரட்டி, விட்டுரு," என்றார்.

"ஏன் விடணும்? கண்ண முழிச்சுப் பாத்தான்னு சொன்னவரே நீங்கதானே? அத மட்டும் சொல்லுங்க. போதும்."

அவர் அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறினார்.

"முழிக்கல," என்றார்.

அவள் நின்றாள்.

"நீ தண்ணிக்கு எறங்கிப் போனதும் ஒரு விக்கல் எடுத்துச்சு. அதோட நின்னுருச்சு. நான் ஆட்டிப் பாத்தேன், ஊதிப் பாத்தேன். நீ ரெத்தம் ஒழுக ஒழுக ஓடி வந்து, மூச்சு இருக்கான்னு கேட்ட. அந்த மூஞ்சியப் பாத்து இல்லன்னு எப்புடிச் சொல்ல? இருக்குன்னுட்டேன். பெறகு ஒரு நாளைக்குச் சொல்லலாம்னுதான்…"

"முப்பத்தொரு வருசமாவா ஒரு நாள் வரல?"

"ஒவ்வொரு பூசைக்கும் அது என் நெஞ்ச அடைக்கும். பாஸ்டர் அந்த ஞானஸ்நானமே ஞானஸ்நானம் இல்லன்னு சொன்னப்ப எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு கொரட்டி. அது ஒண்ணுமில்லன்னா நான் சொன்ன பொய்யும் ஒண்ணுமில்லாமப் போயிரும்ல?"

கடவுள் மூன்று ஆளா, ஒரே ஆளா என்று மத்தேயு ஒரு நாளும் யோசித்தவர் இல்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, ஒளிந்துகொண்டார். கொரட்டிக்கு அது விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. வேறு சபைக்குப் போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவள் அழுதபோதெல்லாம், தனக்கே நம்பிக்கையில்லாத ஒரு வார்த்தையைச் சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் அவளால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

"நீங்க லேசாகணும்னு என் புள்ளைய நடு ரோட்டுல விட்டுட்டீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "அன்னைக்கி லொறியில ஒரு ஆளு இருந்தாரு. கண்ண முழிச்சான்னு சொன்னாரு. நான் அந்த ஆளத்தான் நம்புவேன். இன்னைக்கி வந்து முழிக்கலங்கிறவர எனக்குத் தெரியாது."

"கொரட்டி…"

"சோறு ஆறிப்போச்சு. போட்டுச் சாப்புடுங்க."

அதற்குப் பிறகும் ஒரே காம்பராவில்தான் இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். செபமாலையை அவள் சுஜீவாவின் வீட்டில் போய்ச் சொன்னாள். கெவின் போன் எடுத்து என்னம்மா சண்டை என்று கேட்டபோது, அப்பாவுக்குக் கால் வலி என்று மட்டும் சொன்னாள். சாமியாரிடம் மறுபடி போய், மூச்சு நின்ற பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டிருக்கலாம். கடவுளின் இரக்கத்துக்கு எல்லையில்லை என்று அவர் எப்படியும் ஓர் ஆறுதல் சொல்லியிருப்பார். அவள் போகவில்லை. ஆறுதலைக் கேட்டு வாங்குவதில்லை என்று ஆகிவிட்டது.

கார்த்திகை பிறந்து பெருமழை. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன வாரம். ரோடு இரண்டு இடத்தில் உடைந்துபோய்க் கிடந்தது. பத்தாம் நம்பர் லயத்தில் றொமேஷின் பெண்சாதிக்கு எட்டு மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஆள் ஓடி வந்தது. கொரட்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். உள்ளே தாய் மயங்கிக் கிடந்தாள். றொமேஷ் பிள்ளையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். கோப்பையில் தண்ணீர் தயாராக இருந்தது.

"மூச்சு இருக்கு பெரியம்மா. இப்பத்தான் கைய அசைச்சான். சீக்கிரம் ஊத்துங்க."

"நீ சொல்லாத," என்றாள் கொரட்டி. "குடு இங்க."

பிள்ளையை வாங்கி, துணியை விலக்கி, அதன் வாயோடு தன் கன்னத்தை வைத்தாள். தகரத்தில் மழை கொட்டியது. றொமேஷ் மறுபடி என்னவோ சொல்ல வாயெடுத்தான், கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒன்றுமில்லை. இன்னும் நின்றாள். பிறகு கன்னத்தில் பொட்டுப்போல ஒரு சூடு பட்டது. போய், திரும்பவும் பட்டது.

அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குக் கையை நீட்டினாள்.