பதிமூணாவது புளியங்கொட்டை

இது நடந்தது. 2023 நவம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது. இருட்டு இல்லை. மழை இல்லை. நாய் ஊளையிடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி பன்னிரண்டு பேர். இப்போது பதினொரு பேர்.

கருப்புசாமிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கோவை கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலை பார்க்கிற வேலை. பதினாறு வயதில் உலைக்கு முன்னால் நின்றவர், இன்னும் நிற்கிறார். முழங்கைக்குக் கீழே தீக்காயம் படாத இடம் என்று ஒரு விரலளவு கிடையாது. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "பசியை விடப் பெரிய பேயை எவன்டா பாத்திருக்கான்? போய் வேலையைப் பாருங்கடா" என்பார்.

அப்படிப்பட்ட மனுசனுக்குப் பழங்காசு சேர்க்கிற கிறுக்கு எப்படி வந்தது? உருக்க வந்த பழைய பித்தளை மூட்டையில் ஒரு நாள் ஒரு சின்னச் செப்புக்காசு கிடந்தது. சதுரமாக, தேய்ந்துபோய். உலையில் போட மனம் வரவில்லை. மூட்டை கொண்டுவந்தவர் கோட்டைமேட்டுப் பழைய பாத்திர வியாபாரி ஜபருல்லா. "எடுத்துக்கோ கருப்பு. ஒரு காசு கொறஞ்சா உன் உலை அணைஞ்சா போயிரும்?" என்று சிரித்தார். அவருக்கும் அதே கிறுக்கு. அன்றைக்குப் பிடித்த சிநேகிதம், இருபத்தொரு வருசம்.

இவர்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். டாக்டர், மில்காரர், வாத்தியார், காலேஜில் சரித்திரம் நடத்துகிற நித்யஸ்ரீ என்று எல்லாத் தரப்பும் உண்டு. வருசத்துக்கு ஒரு தரம் கூடுவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு காசு, தன்னிடம் இருப்பதிலேயே மனசுக்குப் பிடித்ததைக் கொண்டுவர வேண்டும். பெயர் போடாமல் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு காசுக்கு முன்னாலும் ஒரு காகிதக் கப். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. அடுத்தவர் காசில் எது பிடிக்கிறதோ அந்தக் கப்பில் போட வேண்டும். அதிகக் கொட்டை வாங்கின காசு ஜெயித்தது. பரிசு, ஜபருல்லா கடையிலிருந்து ஒரு பித்தளைப் போசி.

விளையாட்டுதான். ஆனால் கருப்புசாமி ஒன்பது வருசமாக ஜெயித்ததில்லை. போன வருசம் ஒரே ஒரு கொட்டை விழுந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஜபருல்லா வருசா வருசம் அவருக்கே போட்டுவிடுவார்.

இந்த வருசம் ஜெயித்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி.

நவம்பர் ஐந்தாம் தேதி கிணத்துக்கடவு போனார். அங்கே லட்சுமணசாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர் ஆவணியில் இறந்துபோயிருந்தார். நாற்பது வருசம் காசு சேர்த்தவர். ஒருத்தருக்கும் காட்டினதில்லை. கட்டின பெண்டாட்டிக்கே காட்டினதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா வரலட்சுமி, ஆல்பத்தை இவரிடம் விற்றுவிட்டாள். அறுபது பை வைத்த ஆல்பம். முதல் பை மட்டும் காலி. ஐம்பத்தொன்பது காசு என்று துண்டுச் சீட்டில் எழுதி, ரெண்டு தரம் எண்ணித்தான் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் அறுபது.

முதல் பையில் ஒரு ரோமாபுரி வெள்ளிக்காசு. ராஜா முகம் மூக்கு நுனி வரைக்கும் தேயாமல் இருந்தது. இத்தனை அழகான காசை அவர் கையில் தொட்டதே இல்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மா எண்ணினதில் தப்பு, நமக்கு யோகம் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனாலும் மனசாட்சி அரித்தது. அடுத்தவன் பொருளைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று, பழைய சதுரச் செப்புக்காசையே எடுத்து ஒரு நகை டப்பாவில் தனியாக வைத்தார்.

அவருக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். மனைவி தெய்வாத்தாள் பகலில் மில் வேலைக்குப் போய்விடுவாள். உச்சிப்பொழுதில் வீட்டில் அவர் மட்டும்தான்.

ஏழாம் தேதி, செவ்வாய். சாயங்காலம் டப்பாவைத் திறந்தார். உள்ளே வெள்ளிக்காசு இருந்தது. செப்புக்காசு ஆல்பத்தின் முதல் பையில்.

"அம்மணி, நீ என் காசை நோண்டுனியா?"

"ஏனுங்க, உங்க ஓட்டைக் காசைத் தொட்டு நான் ஊடா கட்டப்போறேன்? பீரோச் சாவியே உங்க அரணாக்கயித்துல தொங்குது. தூக்கத்துல நீங்களே மாத்திப்போட்டிருப்பீங்க, போங்க."

இருக்கும் என்று நினைத்தார். மறுபடி மாற்றி வைத்தார்.

ஒன்பதாம் தேதி, வியாழன். நல்ல தூக்கம். ஏதோ சத்தம் கேட்டு விழித்தார்.

டிங்...

டிங்...

காசு பழகினவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வெள்ளி நல்ல வெள்ளியா என்று பார்க்க, விரல்நுனியில் நிறுத்தி நகத்தால் சுண்டுவார்கள். ரெண்டு சுண்டு. அதே சத்தம். பூட்டின பீரோவுக்குள்ளிருந்து.

செல்போனைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது.

பீரோவைத் திறந்தார். டப்பாவில் வெள்ளிக்காசு. ஓரத்துச் சந்தனத்தை முந்தாநாள்தான் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். இப்போது மறுபடியும் இருந்தது.

ஈரமாக.

பதினொன்றாம் தேதி, சனி. அன்றைக்கு அவர் தூங்கவில்லை. செப்புக்காசை டப்பாவில் போட்டு மூடினார். ரெண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பார்த்துவிடலாம், எவன் வருகிறான் என்று.

பன்னிரண்டு பத்து. ஒன்றுமில்லை.

பன்னிரண்டு பதினைந்து. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். சத்தம் தேய்ந்து நின்றது.

பன்னிரண்டு பத்தொன்பது. சந்தன வாசனை.

கட்டிலின் மறுபக்கம் மெல்ல அமுங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

அவர் திரும்பவில்லை.

டிங்...

கைக்குள்ளே.

டிங்...

அவருடைய ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவிலே.

டப்பாவைத் திறந்தார். ராஜா முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். அவரே இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் மனுசப் புத்தி. பயம் ஒரு பக்கம் இழுத்தால், ஆசை ஒரு பக்கம் இழுத்தது. இந்தக் காசை வைத்தால் ஜெயிப்போம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டே சொன்னார். "சரி... உனக்கு அவ்வளவு ஆசைன்னா, நீயே வா."

கட்டில் அமுக்கம் விட்டு எழும்பியது.

பத்தொன்பதாம் தேதி. கருமத்தம்பட்டியில் குமாரசாமி என்கிற உறுப்பினரின் தறிக்கூடம். ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. அன்றைக்கு ரெண்டு மணிக்கு உலகக்கோப்பை பைனல். அதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

வாசலிலேயே ஜபருல்லா பிடித்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து பார்த்தவருக்கு வாய் மூடவில்லை.

"யா அல்லா... கருப்பு, எங்கடா புடிச்சே இதை?"

"கொடுமுடியில, பாய். ஆத்து மணல் சலிக்கிறவன்கிட்ட."

இருபத்தொரு வருசத்தில் அவர் ஜபருல்லாவிடம் சொன்ன முதல் பொய்.

"இத்தனை வருசமா உன் மூஞ்சிக்காகக் கொட்டை போட்டேன். இந்தத் தடவை காசுக்காகவே போடறேன் போ!"

கூடத்தின் ஒரு மூலையில் தறித்துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் மேசை, பன்னிரண்டு காசு, பன்னிரண்டு கப். வேறு வாசல் கிடையாது. ஜன்னல் கிடையாது. நித்யஸ்ரீ எல்லோர் முன்னாலும் பன்னிரண்டு கொட்டையை எண்ணி, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டு வந்தார்கள். கடைசியில் கப்புகளை ஒரு தட்டில் அடுக்கி வெளியே கொண்டுவந்து எண்ணினாள்.

வெள்ளிக்காசுக்கு ஏழு. மற்றதுக்கெல்லாம் சேர்த்து ஆறு.

குமாரசாமி சிரித்தார். "ஏனுங்க, இதுலயும் கள்ள ஓட்டா? யாருங்க ரெண்டு போட்டது?"

யாரும் இல்லை. வெள்ளிக்காசுக்குப் போட்டவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கை.

"எண்ணுனதுல தப்பா இருக்கும் அம்மணி. இன்னொரு தடவ எண்ணு," என்றார் குமாரசாமி.

எண்ணினாள். பதிமூன்று.

நித்யஸ்ரீ வெள்ளிக்காசின் கப்பிலிருந்து ஒரு கொட்டையைத் தனியாக எடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலைத் துடைத்தாள்.

"இதுல என்னங்க... சந்தனமா?"

மணி பன்னிரண்டு இருபது.

திரைக்குப் பின்னாலிருந்து...

டிங்...

எல்லோரும் இந்தப் பக்கம்தான் நின்றார்கள். குமாரசாமி விரலை நீட்டி எண்ணினார். பன்னிரண்டு பேர்.

டிங்...

டாக்டர் திரையைச் சடாரென்று விலக்கினார்.

யாரும் இல்லை. மேசைமேல் பன்னிரண்டு காசும் வைத்தது வைத்தபடி இருந்தன. வெள்ளிக்காசு மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஓரத்தின்மேல். ஆடாமல்.

பிறகு சாய்ந்தது.

அதற்குமேல் ஒருத்தரும் கிரிக்கெட் பற்றிப் பேசவில்லை. போசியைக் கருப்புசாமி கையில் திணித்துவிட்டு அவரவர் வண்டியை எடுத்தார்கள். ஜபருல்லா மட்டும் நின்றார். சிரிப்பில்லை.

"கருப்பு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எங்கெடுத்தே?"

"அதான் சொன்னனே, பாய். கொடுமுடி."

ரெண்டாவது பொய்.

அன்றைக்கு ராத்திரி உலைக்கு முன்னால் நின்றபோதும் கருப்புசாமிக்குக் குளிர் விடவில்லை. காலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு உக்கடத்தில் பஸ் ஏறினார். வழியெல்லாம் டப்பாவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். பதினொன்றே முக்கால் வரை உள்ளே காசு அசைகிற சத்தம் கேட்டது. நன்றாகக் கேட்டது என்கிறார்.

கிணத்துக்கடவில் வரலட்சுமி வாசலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மன்னிக்கோணுங்க. ஆல்பத்துல ஒரு காசு சேர்ந்து வந்துருச்சு. முதல் பையில. வெள்ளிக்காசுங்க, ராஜா முகம் போட்டது."

அவள் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டாள்.

"அது இருக்காதுங்களே."

"ஏனுங்க?"

"அது ஒண்ணுதானுங்க அவருக்கு உசுரு. தெனமும் மத்தியானச் சோறு தின்னுபோட்டு, அதைக் கையில வெச்சுச் சுண்டிக்கிட்டே படுப்பாரு. அன்னிக்குப் படுத்தவரு எந்திரிக்கலீங்க. பன்னண்டு இருபதுக்குப் போய் எழுப்பறேன், ஒடம்பு சில்லுனு கெடக்குது. எல்லாரும் ஒரு ரூபாக் காசு வெப்பாங்க. நாங்க அவரு காசையே சந்தனத்துல ஒட்டி நெத்தியில வெச்சு அனுப்பிச்சோம். அது அவரோடயே வெந்துபோச்சுங்க. என் மகன்தான் கொள்ளி வெச்சான்."

கருப்புசாமி டப்பாவை எடுத்தார். திறந்தார்.

காலி.

அடியில் ஒரு பொட்டு சந்தனம்.

"எதைங்க காட்டறீங்க?" என்றாள் அவள்.

போன் அடித்தது. பன்னிரண்டு முப்பத்து நாலு. ஜபருல்லாவின் மகன் அர்ஷத்.

"மாமா... அத்தா..." பையன் அழுதான். "தலை வலிக்குதுன்னு கடையில இருந்து வீட்டுக்கு வந்து படுத்தாங்க. பன்னெண்டு இருபதுக்கு எழுப்புனா எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, போயிட்டாங்கன்னு சொல்லிட்டாரு மாமா."

கருப்புசாமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார்.

"மாமா, இருக்கீங்களா? இன்னொண்ணு... அத்தா நெத்தியில ஒரு வெள்ளிக்காசு ஒட்டியிருக்கு. ரூமுக்குள்ள யாரும் போகல. எங்க ஜனத்துல இப்படியெல்லாம் வெக்கிறதே இல்லையே மாமா... யாரு வெச்சிருப்பா?"

ஜபருல்லாவைக் குளிப்பாட்டும் முன் அந்தக் காசை எடுத்து ஜன்னலில் வைத்ததாக அர்ஷத் சொல்கிறான். அடக்கம் முடித்துவந்து பார்த்தால் இல்லை. இன்றைக்கு வரை இல்லை.

அன்றைக்கே, அந்த வாசலில் உட்கார்ந்தபடியே, ஜபருல்லாவைப் போலவே வெள்ளிக்காசுக்குக் கை தூக்கின மற்ற ஐந்து பேருக்கும் கருப்புசாமி போன் போட்டார். ஐந்து பேரும் எடுத்தார்கள். எல்லா உண்மையையும் சொன்னார். காசு எங்கே கிடைத்தது, ஏன் மறைத்தார், எல்லாம். ரெண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தர் அழுதார். யாரும் நம்பாமல் இல்லை.

ஐந்து பேரும் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார்கள். மத்தியானத்தில் ஒருத்தரும் படுப்பதில்லை. காய்ச்சல் வந்தால்கூட நாற்காலியில்தான். பன்னிரண்டு இருபதுக்கு ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்கொள்வார்கள்.

"முழிச்சிருக்கீங்களா?"

"முழிச்சிருக்கறனுங்க."

அவ்வளவுதான். வைத்துவிடுவார்கள்.