கரியப்பன் மாமா எடுத்த லாரித் தூசி

நிற்கிற லாரியைக் கண்டால் கரியப்பன் மாமா நேராக அதன் பின்பக்கம் போய்விடுவார். மட்கார்டின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பார். விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, அந்தத் தூசியை அதில் தட்டி, நான்காக மடித்து, மேலே வண்டி எண்ணை எழுதி மறுபடி பைக்குள் வைத்துக்கொள்வார். மைசூருக்குப் படிக்க வந்து அவர் வீட்டில் தங்கிய நாளிலிருந்து ஏழு வருடம் இதைப் பார்த்தேன். எதற்கு என்பதை முதல் வருடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அவரைச் சந்தேகப்பட்டேன்.

மாமா என் அப்பாவின் தங்கை கௌரம்மாவின் கணவர். எங்களைப் போலவே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர். நஞ்சன்கூட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. வார்த்து வரும் இரும்பை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து ஒதுக்குவார். ஸ்ரீராம்புராவில் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. வீட்டின் இரண்டாவது அறையில் பாதி எனக்கு, பாதி அவருடைய மேசைக்கு.

அந்த மேசையில்தான் லாரிகள் பிறந்தன. ஒரு தசரா பொருட்காட்சியில் பெட்டியோடு வாங்கிய ஜப்பான் காரை ஒட்டி முடித்ததில் தொடங்கியதாம். நம் ஊர் லாரிகளுக்கு அப்படிப் பெட்டி கிடைப்பதில்லை. அதனால் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, உரசி, ஒட்டி, எல்லாவற்றையும் அவரே செய்தார். நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. ஒரு லாரி முழுசாக ஓர் அடி நீளம்கூட வராது. ஆனால் கதவு திறக்கும், ஸ்டீயரிங் திரும்பும்.

பளபளப்பு மட்டும் அவருக்கு ஆகாது. "புது வண்டிய எவன் வேணா செய்வான் மதனா. ஓடுன வண்டியச் செய்யோணும்" என்பார். அதற்குத்தான் தூசி. நைலான் துணியில் சலித்து, தூரிகையால் சக்கரத்திலும் மட்கார்டிலும் தடவி, மேலே மங்கல் வார்னிஷ் அடிப்பார். எந்த வண்டியைச் செய்கிறாரோ அந்த வண்டியின் தூசியே வேண்டும். இன்னொன்றின் தூசி ஒத்துவராது. அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வண்டியில் இல்லாத காயத்தைப் போடக்கூடாது, இருக்கிற காயத்தை விடக்கூடாது.

என் அப்பா சென்னப்பனுக்கு ஒரே ஒரு லாரி. அவரே ஓட்டினார். ஹனூர் பக்கத்து மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டு எல்லையிலுள்ள பாலாறு செக்போஸ்ட் வழியாக ஈரோட்டுக்குப் போவார். எப்போதாவது மைசூர் பண்டிபாளையா மண்டிக்கும் வருவார். போன வருடம் ஜனவரியில் அப்படி வந்தபோது மாமா என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்.

"மச்சான், வண்டிக்குக் கீழ போயிப் பாத்துக்கட்டுங்களா?"

"பாருங்க மாப்ள. பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நிக்கறீங்களே."

மாமா ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். டார்ச், அளவு நாடா, போன். ஒன்றரை மணி நேரம் அவருடைய செருப்புதான் வெளியே தெரிந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை இறக்கிய ஆட்களிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். தன் வண்டியைச் சின்னதாகச் செய்யப் போகிறார் மாப்பிள்ளை என்று. அதில் ஒருவர் தமிழ் தெரிந்தவர், கேட்டார்:

"சின்னதாப் பண்ணி என்னண்ணா பண்றது?"

"டீசல் மிச்சமாகுமில்ல!" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா முதுகெல்லாம் கிரீசோடு வெளியே வந்தார். கடைசியாக விரலால் ஒரு கோடு இழுத்து, டிக்கெட்டில் தட்டி, மடித்தார்.

அதற்கு இருபத்துநாலாம் நாள், பாலாறு செக்போஸ்டைத் தாண்டி ஒரு வளைவில் அப்பாவின் லாரி இடது பக்கமாகக் கவிழ்ந்தது. அப்பாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டி காயலான் கடைக்குப் போனது. இனி லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அம்மா பொன்னம்மா குறி கேட்கப் போனாள். சொந்தத்தில் ஒருத்தன் காலடி மண் எடுத்திருக்கிறான் என்று குறி வந்தது. எங்கள் பக்கத்தில் இது விளையாட்டான பேச்சு இல்லை. ஒருவர் மிதித்த மண்ணை எடுத்து, அவருடைய பேரை எழுதி முடிந்துவைத்தால் அது செய்வினை. லாரிக்காரனுக்குக் காலடி எது? டயர்தான். அம்மா குறி சொன்னதை வந்து சொன்னதும் அப்பாவுக்கு அந்த டிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது.

ராத்திரியோடு ராத்திரியாக எனக்குப் போன் செய்தார்.

"ஏன்டா, அந்தப் பொட்டணத்தை என்ன பண்ணுனான்னு பாத்துச் சொல்லு."

"அப்பா, அது பெயிண்ட் வேலைக்குப்பா."

"பெயிண்டு கடையில தூசி விக்கிறதில்லையா? நம்பரு எதுக்குடா எழுதுறான்? நீ அவன் வீட்டுச் சோத்தத் திங்கற. உனக்குக் கண்ணு தெரியாது."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனை வைத்திருக்கவேண்டும். அப்படிச் செய்யாமல், மறுநாள் மத்தியானம் மாமா வேலைக்கும் அத்தை ரேஷன் கடைக்கும் போயிருந்தபோது மேசை இழுப்பறைகளைத் திறந்தேன்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் வரிசையாகப் பொட்டணங்கள். மருந்து பாட்டில்களில் செம்பொடி, கருஞ்சாம்பல். நூலால் கட்டிய அத்தையின் முடிக் கற்றை. செம்பொடி துருவுக்கு, சாம்பல் புகைக்கறைக்கு, முடி மெல்லிய கோடு இழுக்கிற தூரிகைக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவற்றை அப்பாவின் கண்ணால் பார்த்தேன். மேசை நடுவில் அப்பாவின் லாரி நின்றது. இன்னும் வண்ணம் ஏறவில்லை. எண் பலகையில் மட்டும் அப்பாவின் எண். உடம்பெல்லாம் குண்டூசி. எண்ணினேன், பதினொன்று.

பசை காயும்வரை பாகங்கள் நகராமல் இருக்கத்தான் ஊசி. நானே எத்தனையோ முறை அவருக்காகக் குத்திக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் போனில் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பசைக்காக என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா அந்தப் படத்தை அப்படியே அத்தைக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல்பதிவு. "கௌரி, இந்த வருசம் பண்டிகைக்கு வராதே. எப்பவுமே வராதே. உன்ற புருசன் என்னோட காலை வாங்கிப்போட்டான்."

அத்தை அழாமல் போனை மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ எடுத்ததா?"

"ஆமா மாமா."

"ஊசிதான் பளிச்சுனு தெரியுது. வண்டி தெரியல. சொல்லியிருந்தா லைட்டுப் போட்டிருப்பனே."

"சும்னே இருங்க" என்று கன்னடம் கலந்து அடக்கினார் அத்தை. "அண்ணன் வாசலை மிதிக்காதேங்கறான், நீங்க லைட்டு போடறீங்க. ஒரு போனைப் போட்டு இன்னதுக்குன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. தினமும் வேலை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்துவிடுவார். என்மேல் ஒரு கோபச்சொல் இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. தப்பில்லாதவர் ஏன் வாய் திறக்கவில்லை? செய்வினையை நான் நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் தட்டில் போட்ட தோசையைத் தின்னும்போது ஒரு நொடி யோசித்தேன் என்பதும் உண்மை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின் சக்கரங்களை ஒட்டுவதற்காக லாரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் அதன் அடிப்பக்கத்தை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன். பின்பக்கம் இடதுபுறம் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள், மயிரிழை கனத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மேலிருந்து இரண்டாவது பட்டை நடுவில் உடைந்திருந்தது.

"மாமா, இது ஒடைஞ்சு போச்சு."

"ஒடையல. அப்படித்தான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது லாரியைக் கீழே வைத்தேன். அவருடைய போனை எடுத்து, மண்டியில் அன்றைக்கு எடுத்த படங்களைத் தேடினேன். டார்ச் வெளிச்சத்தில் நிஜ வண்டியின் பட்டை அதே இடத்தில் உடைந்திருந்தது. உடைந்த வாயில் துரு புதிதாக ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நாலு கோணத்தில் நாலு படம்.

"இதை அன்னைக்கே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பாகிட்ட?"

மாமா கையிலிருந்த இடுக்கியைத் துடைத்தார்.

"உங்க பேக்டரியில இப்படி ஒண்ணு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"செவப்புப் பொட்டு வெச்சு ஒதுக்கிருவேன்."

"அப்புறம்?"

"அங்க அது வேலை, மதனா. இங்க..." இடுக்கியை மேசையில் வைத்தார். "அந்தத் துரு அவ்வளவு அழகா இருந்துச்சு. எப்படிக் கொண்டாரதுன்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன். வெளிய வந்தப்ப உங்கப்பன் சிரிச்சுட்டு இருந்தான். அதுக்குள்ள மறந்துபோச்சு. வண்டி கவுந்துபோச்சுன்னு போன் வந்தப்பதான் ஞாபகம் வந்துது."

அந்தப் பட்டையால்தான் வண்டி கவிழ்ந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பாரம் கூடுதல், வளைவு மோசம், அப்பாவுக்கு வேறு முந்தின இரவு தூக்கம் இல்லை. வண்டியும் உடைபட்டுப் போய்விட்டது. ஆனால் முழுப் பாரத்தோடு இடது பக்கம் சாய்ந்த வண்டியில் இடது பட்டை உடைந்திருந்ததை இப்போது நாங்கள் இரண்டு பேர் அறிந்திருந்தோம்.

"நானே மச்சான்கிட்டச் சொல்றேன்" என்றார். "போன்ல சொல்ற விசயமில்ல. வண்டிய முடிச்சு எடுத்துட்டுப் போயி, திருப்பிக் காட்டி, இதைப் பாத்துட்டும் சொல்லாம விட்டுட்டேன் மச்சான்னு சொல்றேன். நீ சொல்லாதே. நான் சொல்லவேண்டியது."

ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து என் சந்தேகம் வேறு திசைக்குத் திரும்பியது. அவர் வண்டியை முடிக்கவேயில்லை. கேபினுக்கு நீலம் அடித்தார், வெயிலில் வெளுத்த நீலம் இதுவல்ல என்று சுரண்டினார். மறுபடி அடித்தார், மறுபடி சுரண்டினார். தார்ப்பாயின் மடிப்பு சரியில்லை என்று மூன்று தார்ப்பாய் தைத்தார். முன்பெல்லாம் நாலு மாதத்தில் ஒரு லாரி முடிப்பவர். நேர்த்திக்காக இழுக்கிறாரா, ஊருக்குப் போகவேண்டிய நாளைத் தள்ளுகிறாரா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரெண்டுந்தான்னு வெச்சுக்க" என்றார்.

செப்டம்பரில், நஞ்சன்கூட்டிலிருந்து திரும்பும் ரயிலில் உட்கார்ந்த வாக்கிலேயே மாமா இறந்துபோனார். மாரடைப்பு. ஐம்பத்தோரு வயது.

அப்பா ஊன்றுகோலோடு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எடுக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "பொட்டணமெல்லாம் எங்க?" என்று கேட்டார். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் வண்டி எண் எழுதிய டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பிரித்தார். காலியாக இருந்தது. செய்வினைக்கே தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தூசி முழுவதும் சின்ன லாரியின் சக்கரங்களுக்குப் போய்விட்டது என்று நான் சொன்னதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

அந்த லாரி அத்தையிடம் இருக்கிறது. இந்த வருடப் பண்டிகைக்கும் அத்தைக்கு அழைப்பு இல்லை. உண்மையைச் சொன்னால் மாமாவுக்கு இருக்கும் செய்வினைக்காரன் என்ற பேர் போகும், அத்தைக்குப் பிறந்த வீடு திரும்பக் கிடைக்கலாம். அல்லது, கண்ணால் பார்த்தும் சொல்லாமல் விட்டவன் என்று அப்பா அவரை இன்னும் அதிகமாக வெறுக்கலாம். அத்தையிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் அப்பா போனில் திடீரென்று கேட்டார்.

"சாகறதுக்கு முன்னால என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னானாடா?"

"ஊருக்கு வந்து உங்களைப் பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாருப்பா."

"எதுக்கு?"

அந்தப் பக்கம் அப்பா காத்திருந்தார். அம்மா எதற்கோ கூப்பிடுவது கேட்டது. மாமா அவருக்குச் சொல்லவேண்டியிருந்த அந்த ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. நான் சொன்னால் அது மாமா சொன்னதாக ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போனை வைத்துவிட்டார்.